அதீப் ஸிம்ஸிம்மைத் தூக்கிய ஆறு வாரம்

அதீப் நாற்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பெய்ரூத்தின் கிழக்குப் பக்கம் அவர் கை படாத லிஃப்ட் கொஞ்சம்தான். அப்பேர்ப்பட்டவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. கெட்டுப்போய் அல்ல, மின்சாரம் இல்லாமல். அரசாங்க மின்சாரம் வந்தால் வந்ததுதான். தெரு ஜெனரேட்டரில் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும்; லிஃப்டுக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று கட்டடக் கமிட்டி முடிவு செய்திருந்தது. மற்ற நேரமெல்லாம் அறுபத்தாறு வயதில், தேய்ந்துபோன முழங்காலோடு, ஐந்து மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் அந்த மூடிய லிஃப்ட் கதவை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார்.

அவரோடு படியேறியது ஒரு நாய். பெயர் ஸிம்ஸிம். அரபியில் எள்ளு என்று அர்த்தம்; அந்த நிறத்தில் சின்னதாக இருந்ததால், தனி வீட்டில் இருந்த மகள் நிஸ்ரின் வைத்த பெயர். ஏழு வயது, நாலரைக் கிலோ. நிஸ்ரின் வசந்த காலத்தில் வேலை கிடைத்து மாண்ட்ரியலுக்குப் போனபோது, அங்கே கிடைத்த வீட்டில் நாய்க்கு இடமில்லை என்று அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். அதீப்புக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை. மனைவி ஓதெத் இருந்தவரை வீட்டுக்குள் ஒரு பூனையைக்கூட விட்டதில்லை. ஓதெத் கண்ணை மூடி மூன்று வருஷம், மகள் போய் ஆறு மாசம். அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சு விடுகிற ஜீவன் ஸிம்ஸிம் மட்டும்தான்.

அக்டோபர் கடைசியில் நிஸ்ரின் கூப்பிட்டாள். அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ‘ஆச்சு’ என்று சொல்லித்தான் பழக்கம்.

“அப்பா, வேற வீடு பார்த்தாச்சு, இங்க நாய் வெச்சுக்கலாம். ஸிம்ஸிம்முக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. டிசம்பர் பன்னெண்டு. டாக்டர் மிர்னான்னு ஒருத்தங்க, பல் டாக்டர், ஊருக்கு வந்திருக்காங்க. திரும்பி வரும்போது கையோட கூட்டிட்டு வருவாங்க. அடுத்த வருஷம் உங்க முறை. உங்க பாஸ்போர்ட் நகல் எல்லாம் குடியேற்ற வக்கீல்கிட்ட குடுத்தாச்சு.”

அதீப் “உம்” என்றார். பாஸ்போர்ட் பேச்சு வரும்போதெல்லாம் அவரிடமிருந்து வருவது அந்த ஒரு சத்தம்தான். அது சம்மதம் என்று மகள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நிஸ்ரின் இன்னொன்றும் சொன்னாள். விமான நிலையச் சோதனையில் நாயைப் பைக்குள் வைத்தே கொண்டுபோக முடியாது. பை இயந்திரத்துக்குள் தனியாகப் போகும். நாயை வெளியே எடுத்து, கையில் தூக்கிக்கொண்டு, உலோகம் கண்டுபிடிக்கிற நிலைச்சட்டத்துக்குள் நடந்து போக வேண்டும். கடிக்கிற நாய், முறைக்கிற நாய் என்று தெரிந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மிர்னாவுக்குத் தெரிந்த ஒருவர் போன வருஷம் நாயோடு வாசலிலிருந்தே திரும்பி வந்திருக்கிறார். “ஆனா நம்ம ஸிம்ஸிம்மைப் பத்திக் கவலையே இல்ல, யார் தூக்கினாலும் பஞ்சு மாதிரி இருக்கும்” என்றாள் நிஸ்ரின்.

ஆனால் ஸிம்ஸிம் பஞ்சு மாதிரி இருந்த காலம் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இப்போது அதைத் தூக்கப் போனால் உறுமும். சாதாரண உறுமல் அல்ல. உடம்பு விறைத்து, மேலுதடு சுருண்டு, அந்தச் சின்ன மார்புக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கேட்கிறவர் திகைக்கும்படி உறுமும். அதற்குக் காரணம் யார் என்று அவருக்கு அரைகுறையாகத் தெரியும். மகளிடம் வாய் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஸிம்ஸிம் படி இறங்கிவிடும். ஏறும்போது இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் அதீப் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு கையால் கைப்பிடிக் கம்பி, இன்னொரு கையால் நாயின் வயிற்றுக்குக் கீழே ஒரு அள்ளல். பின்கால்கள் காற்றில் ஆடும். சில நாளில் அது லேசாக முனக ஆரம்பித்தது. அவருக்கும் மூச்சு வாங்கியது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் பால்கனியிலிருந்தும் கயிற்றில் கூடை இறங்கும். மேலேயிருந்து குரல் கொடுத்தால், கீழே மளிகைக்கடை அபூ மீலாத் ரொட்டியோ தக்காளியோ போட்டு அனுப்புவார். படி ஏற முடியாதவர்கள் நிறைந்த தெருவில் அந்தக் கூடைதான் லிஃப்ட். அதீப்புக்கு மூளை வேலை செய்தது. ரொட்டி ஏறுகிற கூடையில் நாய் ஏறக் கூடாதா?

தொழில்காரர் அல்லவா, ஏனோதானோ என்று செய்யவில்லை. பால்கனிக் கம்பியில் கப்பி மாட்டினார். லிஃப்ட் காலத்துக் கயிறு போட்டார். கூடையில் இருபது கிலோ உருளைக்கிழங்கு வைத்து மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நாலாவது முறை அபூ மீலாத் கூடைக்குள் ஸிம்ஸிம்மை வைத்து, கழுத்துப் பட்டியைக் கொக்கியில் மாட்டினார். அதீப் மேலேயிருந்து இழுத்தார். தெருவே வேடிக்கை பார்த்துக் கை தட்டியது. யாரோ படம் பிடித்து அனுப்ப, அது நிஸ்ரின் வரைக்கும் போய், அவளும் சிரித்து இதயப் படமாகப் போட்டு நிரப்பினாள். ஸிம்ஸிம் ஐந்து மாடியும் மூச்சு விடாமல் வந்தது. எவ்வளவு சமத்து என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டு வாரம் அப்படித்தான் ஏறியது. பிறகு ஒரு நாள், கீழே அபூ மீலாத் குனிந்தபோது பல்லைக் காட்டியது. அன்றிலிருந்து யார் கை கீழே இறங்கினாலும் பல்.

அதீப் முதலில் அதட்டிப் பார்த்தார். உறுமினால் மூக்கில் ஒரு தட்டு. தட்டினால் இன்னும் உறுமியது. டிசம்பர் பன்னிரண்டு என்று தேதி விழுந்ததும் பேக்கரிக் காலண்டரை எடுத்து எண்ணினார். ஆறு வாரம்.

மறுநாளே கால்நடை மருத்துவர் கரீனிடம் ஓடினார். இளம் பெண், முகத்துக்கு நேரே பேசுகிறவள். ஸிம்ஸிம்மைத் தரையிலேயே வைத்து முதுகு, இடுப்பு, கால் மூட்டு, காது, பல் எல்லாம் விரலால் தொட்டுப் பார்த்தாள். வலி எங்கும் இல்லை என்றாள். வலி இருந்திருந்தால் மருந்தோடு முடிந்திருக்கும், இது பயம், இதற்குப் பொறுமைதான் வேண்டும் என்றாள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். அதீப் கூடைக் கதையைச் சொன்னார். கயிறு இருநூறு கிலோ தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

“கயிறு தாங்கும் சார். நாய் தாங்கணுமே” என்றாள் கரீன். “சத்தம் போடாம வந்துச்சுன்னு சொன்னீங்க. அது சமத்து இல்ல, உறைஞ்சு போய் உட்கார்ந்திருக்கு. உறுமறது ஒண்ணுதான் அதுக்கு இருக்கிற வாய். மூக்குல தட்டித் தட்டி அதையும் மூடிட்டீங்கன்னா, அடுத்த தடவை சொல்லாம கடிக்கும். விமான நிலையத்துல கடிச்சா அவ்வளவுதான்.”

எப்படித் தூக்க வேண்டும் என்றும் காட்டினாள். மேலேயிருந்து கவிழ்ந்து அள்ளக் கூடாது. பக்கவாட்டில் உட்கார வேண்டும். ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்புறத்துக்கு, உடம்போடு அணைத்து. ஆனால் அது கடைசிப் படி. முதலில் தொடுவது மட்டும். தொட்டதும் ஒரு துண்டு கோழி ஈரல். கையை எடுத்துவிட வேண்டும். அது தலையைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ, உறுமலுக்குக் காத்திருக்காமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம், மூன்று வேளை.

அதீப் வீட்டுக்கு வந்து கப்பியைக் கழற்றினார். ஈரலை வேகவைத்து மொச்சைக்கொட்டை அளவுக்கு நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். தரையில் உட்காருவதே அவருக்குப் பெரிய பாடு. நாற்காலியைப் பிடித்து, சோபாவைப் பிடித்து, தவணை முறையில் உட்கார்ந்தார். மார்பில் ஒரு விரல், ஒரு ஈரல். விலாவில் ஒரு கை, ஒரு ஈரல். ஸிம்ஸிம் ஈரலைத் தின்றது. மறுத்ததே இல்லை. ஆனால் இரண்டு கையும் சேர்ந்து வந்த உடனே அதன் கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். அதீப் கையை இழுத்துக்கொள்வார். இப்படி ஒன்பது நாள் போயிற்று. நாயின் எடை கூடியது, வேறு எதுவும் நடக்கவில்லை. படியில் ஏற்றுவதற்கு வழியில்லாமல், ஒவ்வொரு மாடியிலும் கால் மணி உட்கார்ந்து, நாயும் மனிதனும் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஏறினார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் படியில் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு ஆயிற்று.

அபூ மீலாத் கடை வாசலிலிருந்து சீண்டுவார். “என்ன மேஸ்திரி, நகரத்தையே தூக்கி நிறுத்தின ஆளு, நாலரைக் கிலோவைத் தூக்க முடியலையா?” அதீப் சிரித்துவைப்பார். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி கையை உதறுவதும், நிஸ்ரின் அங்கே வாசலில் நின்று காத்திருப்பதும் மாறி மாறி வந்தன. நாயைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள் மகள். அவர் கெடுத்து வைத்திருக்கிறார்.

பத்தாம் நாள் சாயங்காலம், லிஃப்ட் ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தில், இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஜெனரேட்டர் நின்றது. லிஃப்டும் நின்றது. கும்மிருட்டு. அதீப்புக்கு அதில் என்ன பயம்? எந்தப் பிரேக் எங்கே பிடித்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சுவரில் சாய்ந்து நின்றார். ஸிம்ஸிம் அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. அதன் நடுக்கம் கால்சட்டை வழியாகத் தெரிந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். திடீரென்று மின்சாரம் வந்து லிஃப்ட் வெடுக்கென்று ஒரு குலுக்கலோடு கிளம்பியது. அதீப் திடுக்கிட்டார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் விழாது என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே கிடையாது; ஆனாலும் ஐந்தாம் மாடி வரும்வரை கம்பியை விடவில்லை.

ஐந்தாம் மாடியில் இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல் படியில் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சமாச்சாரம் நினைவுக்கு வந்தது. தொழிலுக்கு வந்த புதிது. ஒரு கட்டடத்தில் மருந்துக்கடைக்காரம்மா ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அதீப் மேலே இயந்திர அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மாடிக்கு நேராகக் கொண்டுவந்தார். சாமர்த்தியமாகச் செய்தோம் என்ற நினைப்போடு கீழே ஓடிக் கதவைத் திறந்தால், அந்தம்மா முகத்தில் ரத்தமே இல்லை.

“விழுந்துடுவேன்னு பயப்படல தம்பி” என்றார் அவர். “நீ எப்ப அசைப்பேன்னு தெரியாமத்தான் செத்தேன்.”

அன்றிலிருந்து அதீப் ஆள் இருக்கிற லிஃப்டை வாய் பேசாமல் அசைத்ததே இல்லை. மேலேயிருந்து அந்தக் குழிக்குள் குனிந்து, “கவனம், தூக்கறேன்” என்று குரல் கொடுப்பார். பதிலுக்கு உள்ளேயிருந்து “சரி” என்று வர வேண்டும். வந்த பிறகுதான் சக்கரத்தில் கை வைப்பார். ஒருமுறை உள்ளே இருந்த கிழவர் கோபித்துக்கொண்டு பதிலே சொல்லவில்லை. அதீப் அரை மணி நேரம் காத்திருந்தார். அது தொழிலாளர் மத்தியில் கேலிப் பேச்சாகவே இருந்தது. முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் சொல்லிவிட்டுத் தூக்கியவர், சொந்த வீட்டு நாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸிம்ஸிம்மிடம் மன்னிப்புக் கேட்கலாம் போல இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டும்விட்டார்.

மறுநாள் காலை தரையில் உட்கார்ந்து, தொடுவதற்கு முன்னால் முதலில் சொன்னார். “ஸிம்ஸிம், கவனம். தூக்கறேன்.” சொல்லிவிட்டு ஒரு மூச்சு காத்திருந்தார். பிறகு மார்பில் கை. ஈரல். மறுபடி சொன்னார், காத்திருந்தார், இரண்டு கை. கண்ணோரத்தில் வெள்ளை தெரியவில்லை. நாலாம் நாள், முன்கால் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் கிளம்பியது; உடனே இறக்கிவிட்டார். ஆறாம் நாள் நாலு காலும். ஒரு தடவை அது தலையைத் திருப்பிக்கொண்டது. அதீப் கையை எடுத்துவிட்டு, “சரி, வேண்டாம்னா வேண்டாம்” என்று தன் காப்பியைக் குடித்தார். ஸிம்ஸிம் அவரை வெகுநேரம் பார்த்தது. வேண்டாம் என்றால் விடுகிற கை என்று அப்போதுதான் நம்பியிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து அதுவாகவே வந்து, முன்னங்கால் இரண்டையும் அவர் முழங்காலில் வைத்தது.

அதற்கு மேல் அதுதான் வழக்கமாயிற்று. அவர் சொல்வார், அது முழங்காலில் கால் வைக்கும், அவர் தூக்குவார். கால் வைக்காவிட்டால் தூக்க மாட்டார். நவம்பர் முடிவதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை அவர் தோளில் சாய்ந்தபடி ஸிம்ஸிம் ஏறியது. அவருடைய முழங்கால் வலித்தது. வலி அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஆனால் நிம்மதியும் நிலைக்கவில்லை. டிசம்பர் நாலாம் தேதி, புனித பார்பாரா பண்டிகையன்று, மூன்றாம் மாடியிலிருந்து சர்க்கரை போட்ட கோதுமைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அதீப் படியில் நிற்க, பின்னாலிருந்து வந்த அபூ மீலாத், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஸிம்ஸிம்மைச் சட்டென்று அள்ளினார். உறுமலும் கடியும் ஒன்றாகவே வந்தன. புறங்கையில் இரண்டு சின்னக் கீறல். கோதுமைக் கிண்ணம் கீழே.

அதீப் உடனே அபூ மீலாத்தின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசிச் சீட்டை எடுத்துக் காட்டி, டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்று இழுத்தார். அபூ மீலாத் பெரிய மனசுக்காரர். “விடுங்க மேஸ்திரி, கடிக்கல, ருசிதான் பார்த்துச்சு. நானும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கியிருக்கணும்” என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஆனால் எட்டு நாள்தான் இருந்தது. அவர் தூக்கினால் சரி, மற்றவர் தூக்கினால்? விமான நிலையத்தில் தூக்கப்போவது மிர்னா. அவள் முகத்தை ஸிம்ஸிம் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

அன்றே மிர்னாவுக்குப் போன் செய்து, கூச்சத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார். இந்த நாயைக் கூட்டிப்போக முடியாது என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தார். மிர்னா நாற்பத்தைந்து வயதுக்காரி, உரத்த சிரிப்பு. “நான் பல் டாக்டருங்க அண்ணே. இருபது வருஷமா கடிக்கிற வாய்க்குள்ளதான் கை விடறேன். நாளைக்கே வர்றேன்” என்றாள்.

தினமும் வந்தாள். முதல் நாள் தொடவே விடவில்லை அதீப். பக்கத்தில் உட்கார்ந்து ஈரல் மட்டும் போடச் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு கை. ஐந்தாம் நாள் அவளும் “கவனம், தூக்கறேன்” என்று சொல்லிப் பழகினாள். ஸிம்ஸிம் அவளைப் பார்த்தது, அதீப்பைப் பார்த்தது, கடைசியில் அவள் முழங்காலில் ஒரே ஒரு கால் வைத்தது. இரண்டாவது காலையும் வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பதினொன்றாம் தேதி சாயங்காலம் வைத்தது. மிர்னா தூக்கினாள். உறுமல் இல்லை. அவள் நாயோடு அறையைச் சுற்றி நடந்தாள். கதவு நிலைக்கு அடியில் போய் வந்தாள். இதுதான் சோதனைச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம் என்றாள்.

அதீப்புக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆறு வாரமாக வேண்டியது அதுதானே. அவர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டப்பாவையே திரும்பக் கழுவினார். இத்தனை நாள் நாய் உறுமிவிடுமோ என்று பயந்தார். உறுமாமல் போய்விடுமே என்ற பயம் அப்போதுதான் வந்தது. நாளைக்கு இந்த நேரம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை மூவரும் டாக்சியில் போனார்கள். ஸிம்ஸிம் பைக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. முதல் சோதனைக்கு அந்தப் பக்கம் பயணிகள் மட்டும்தான். வழியனுப்ப வந்தவர்களுக்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. அழுகிறவர்கள், கைக்குழந்தையைக் கடைசியாக ஒருமுறை வாங்கி முத்தமிடுகிறவர்கள், பெட்டியை எடைபோட்டுச் சண்டை போடுகிறவர்கள் என்று ஒரே இரைச்சல். அதீப் குனிந்து பைக்குள் கையை விட்டு அதன் காதுக்குப் பின்னால் ஒருமுறை தடவினார். பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

மிர்னாவின் முறை வந்தது. அதிகாரி நாயை வெளியே எடுக்கச் சொன்னார். பை உருண்டு இயந்திரத்துக்குள் போயிற்று. ஸிம்ஸிம் தரையில் நின்றது. சுற்றிலும் கால்கள், தள்ளுவண்டிச் சக்கரங்கள். மிர்னா உட்கார்ந்து, “கவனம், தூக்கறேன்” என்றாள். இரைச்சலில் அவளுக்கே அது கேட்டிருக்காது. ஸிம்ஸிம் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்று கத்தினார். மிர்னா பதற்றத்தில் சொல்லாமலே கையை நீட்டிவிட்டாள். உதடு சுருண்டது. அந்தப் பழைய உறுமல் கயிற்றைத் தாண்டி அதீப்புக்குக் கேட்டது.

அதிகாரி ஒரு அடி பின்வாங்கினார். “இது கடிக்குமா மேடம்? கடிக்கும்னா இப்படி உள்ளே விட முடியாது. திருப்பி அனுப்பிடுங்க.”

மிர்னா திரும்பி அதீப்பைப் பார்த்தாள்.

அதீப் வாய் திறக்கவில்லை. திறக்கத்தான் என்ன அவசியம்? சும்மா நின்றால் போதும். இரண்டே நிமிஷத்தில் அந்த நாய் அவர் கைக்குத் திரும்பி வரும். அவர் எதுவும் செய்ததாக ஆகாது. உறுமியது நாய், தடுத்தது அதிகாரி. மத்தியானத்துக்குள் இருவரும் வீட்டில் இருப்பார்கள். மூன்றாம் மாடியில் காப்பி கிடைக்கும். நிஸ்ரின் அழுவாள், அப்புறம் சரியாகிவிடுவாள். சட்டைப் பையில் ஈரல் டப்பாகூடத் தயாராக இருந்தது. இவ்வளவும் அவர் மனசில் ஓடியது. ஓடியதற்காக அவர் அப்புறம் ரொம்ப நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அங்கே ஸிம்ஸிம் நடுங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கை எப்போது அள்ளும் என்று தெரியாமல் தரையோடு கிடந்தது. அதற்கு மேல் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“ஸிம்ஸிம்” என்றார். லிஃப்ட் குழிக்குள் ஒன்பது மாடிக்குக் கேட்கும்படி கொடுத்த குரல் அது. கூட்டமே திரும்பியது. “கவனம். தூக்கறேன்.”

நாயின் காது நிமிர்ந்தது. அத்தனை கால்களுக்கு நடுவில் அவரைத் தேடியது, தெரியவில்லை. குரல் வந்துவிட்டது, ஆள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். எழுந்து, கிட்டத்தில் இருந்த முழங்காலில் முன்னங்கால் இரண்டையும் வைத்தது. அது மிர்னாவின் முழங்கால். அவள் ஒரு கையை மார்புக்கும் ஒரு கையைப் பின்புறத்துக்கும் கொடுத்து, அணைத்துத் தூக்கினாள். சட்டத்துக்குள் நடந்தாள். எந்தச் சத்தமும் இல்லை. அதிகாரி தலையாட்டினார். அடுத்த ஆள் பெட்டியை வைத்தார்.

அதீப் வெகுநேரம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். தூக்கறேன் என்று சொல்லிவிட்டு வேறு கையில் கொடுத்துவிட்டார். அந்த நாயிடம் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்க மின்சாரம் எப்போது பார்த்து வந்திருக்கிறது! அவர் படியில் ஏறினார். இரண்டாம் மாடியில் பழக்கத்தில் நின்றுவிட்டு, பிறகு போனார்.

மறுநாள் மதியம் நிஸ்ரின் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே விடிந்த நேரம். பின்னால் ஜன்னலில் பனி தெரிந்தது. முகம் வீங்கியிருந்தது.

“அப்பா, நல்லபடியா வந்துடுச்சு, சாப்பிட்டுது, தூங்குச்சு. ஆனா தூக்கப் போனா பல்லைக் காட்டுதுப்பா. என்கிட்டயா? என்னை மறந்துடுச்சா?”

“மறக்கலம்மா. நீ சொல்லாமத் தூக்கியிருப்பே” என்றார் அதீப். கூடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். தான் செய்த தப்பை ஒளிக்கவில்லை. படத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள் என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை. அவளுக்கே நினைவு வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. “பக்கத்துல உட்காரு. சொல்லு. சொல்லிட்டுக் காத்திரு. கால் வெச்சாத் தூக்கு. வைக்கலேன்னா விட்டுடு.”

நிஸ்ரின் போனைத் தரையில் வைத்தாள். அதீப்புக்கு அந்த வீட்டின் கூரைதான் தெரிந்தது. அவள் குரல் கேட்டது. “ஸிம்ஸிம், கவனம். தூக்கறேன்.” அப்புறம் நிசப்தம். அவரும் இங்கே காத்திருந்தார். எவ்வளவு நேரமோ. பிறகு திரை ஆடியது, மகளின் கன்னமும் எள்ளு நிறக் காது ஒன்றும் சேர்ந்து தெரிந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பாஸ்போர்ட், வக்கீல் என்று அவள் ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்து, அதீப் தொண்டைக்குள் அந்த “உம்”மைத் தயாராக வைத்திருந்தார்.

“அப்பா” என்றாள் நிஸ்ரின். “உங்க பேப்பரை எல்லாம் நான்பாட்டுக்குக் குடுத்துட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவே இல்ல. வர்றீங்களாப்பா?”

அதீப்புக்கு “உம்” வரவில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே அபூ மீலாத் யாருக்கோ கூடையில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார்.

“யோசிச்சுச் சொல்லட்டுமா?” என்றார்.

“சரிப்பா” என்றாள் மகள். போனை வைக்காமல் காத்திருந்தாள்.